திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர்: வீடியோ வழியாக மனநல சிகிச்சை பெற முழுமையான வழிகாட்டி

போடிநாயக்கனூரிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி, டோக்கன் போட்டு, காத்துக் கிடந்து, டாக்டரைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் முழுசாகப் போய்விடும். என் தம்பிக்கு பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு. நோய் ஏறிய நாட்களில் அவனை பஸ்ஸில் கூட்டிப்போவது பெரும்பாடு. தணிந்த நாட்களில், "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குக்கா போகணும்?" என்பான். இப்படி ரிவ்யூ தள்ளிப்போய், மாத்திரை நின்று, மறுபடி அட்மிஷன் வரை போனது இரண்டு முறை. நான்கு வருடமாக வீடியோவில் பார்க்கிறோம். அதற்கப்புறம் ஒரு ரிவ்யூகூடத் தவறவில்லை.

ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் அதைத் தப்பாகத்தான் செய்தோம். முதல் நாள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவனை உட்கார வைத்தேன். டாக்டருக்கு அவன் முகம் ஒரு கறுப்பு நிழலாகத்தான் தெரிந்திருக்கும். "தூக்கம் எப்படி இருக்கு தம்பி?" என்று அவர் கேட்டதும், கதவோரம் நின்ற அம்மா, "நல்லா தூங்குறான் டாக்டர்" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கடைசிவரை அவன் பேசியது நான்கைந்து வார்த்தைதான்.

நேரில் போகும்போது நோயாளி கதவைத் திறந்து நடந்து வருவதிலிருந்தே டாக்டர் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். நடை, கை வீச்சு, உடுப்பு, உட்காரும் விதம், எடை கூடியிருக்கிறதா என்பது வரை. திரையில் வருவது மார்புக்கு மேல் மட்டும். மிச்சத்தை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது இந்தப் பக்கம் இருக்கிற நாம்தான். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றியதுதான்.

இது கொரோனாவில் முளைத்த புதுப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1959-லேயே இருவழித் தொலைக்காட்சி வைத்து மனநல சிகிச்சை அளித்திருக்கிறார்கள். நம் ஊரில், டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம், 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள்ளேயே திரை வைத்த அறை, மருந்து கொடுக்கும் இடம். டாக்டர் சென்னையில், நோயாளி கிராமத்தில். நோயாளியின் பக்கத்தில் அந்த வட்டாரப் பணியாளர்கள் இருந்தார்கள். இந்தப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்ததுதான் அந்த ஏற்பாட்டின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

முதல் படி: வீடியோ போதுமா என்று பாருங்கள்

சில நிலைமைகளில் போனைக் கீழே வைத்துவிட்டு வண்டி பிடிக்க வேண்டும். சாப்பாடு தண்ணீர் இறங்காமல், பேச்சு அசைவு இல்லாமல் உறைந்துபோய் இருந்தால். காய்ச்சலோடு திடீரென்று குழம்பிப் பேசினால். குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாத உருவம் தெரிகிறது என்றால். பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய் தூக்கமில்லாமல் சம்பந்தமில்லாமல் பேசினால். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை வந்துவிட்டால். இவை எல்லாம் நேரில் பார்த்தே ஆக வேண்டியவை. 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு. "என்னை யாரோ கேமரா வச்சுப் பாக்குறாங்க" என்ற பயத்தில் இருப்பவர் முன்னால் கேமராவை நீட்டுவது அவர் பயத்துக்குத் தீனி போடுவது மாதிரி. முதலில் சில தடவை நேரில் போய் டாக்டரின் முகம் பழகட்டும். மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும், பேச்சு வீடியோவில் முடிந்தாலும், ஊசிக்கு ஒரு மருத்துவமனை வேண்டும்.

மனச்சோர்வு, பதற்றம், திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழல், ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டு மருந்தில் நிலையாக இருப்பவர்களின் ரிவ்யூ ஆகியவற்றுக்கு வீடியோ நன்றாகவே உதவும்.

இரண்டாம் படி: யாரிடம் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாத்திரை எழுதுபவர் சைக்யாட்ரிஸ்ட், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்த டாக்டர். சைக்காலஜிஸ்ட் பேச்சு வழிச் சிகிச்சை தருபவர், மருந்து எழுத மாட்டார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். "கவுன்சிலர்" என்ற பெயரை மட்டும் வைத்து ஒருவரின் படிப்பைக் கணிக்க முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள்தான் இந்தியாவில் இதற்கு அடிப்படை. அதே ஆண்டு, பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ், இந்திய மனநல மருத்துவர் சங்கத்தோடும் தொலைமருத்துவச் சங்கத்தோடும் சேர்ந்து மனநலத்துக்கென்றே தனி நடைமுறைக் கையேடு வெளியிட்டது. நோயாளியாக நமக்குத் தெரிய வேண்டியவை சில. டாக்டர் தன் பெயரையும் பதிவு எண்ணையும் காட்ட வேண்டும். நம் பெயர், வயது, இருக்கும் இடம் ஆகியவற்றைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தாமாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றும் அதில் தெளிவாக இருக்கிறது. ஏதோ ஒரு செயலியில் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னதும் மாத்திரைப் பெயர் வந்தால் அதை மூடிவிடுங்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் தளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

யாரையும் தெரியாது, எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை என்றால் 14416. டெலி மானஸ் என்ற இந்தத் தேசிய சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இலவசம், தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மேலே சிறப்பு மருத்துவரிடம் இணைப்பார்கள். இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவையிலும் இலவசமாக டாக்டரிடம் பேச முடியும். மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவையும் மறந்துவிடாதீர்கள். அங்கே மாத்திரையும் இலவசம். ஆனால் அந்த மாத்திரைக்கு அங்கேயே ஓ.பி. சீட்டு போட்டு அந்த டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊர் டாக்டரை வீடியோவில் பார்க்கலாமா என்று உறவினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இந்திய நெறிமுறைகள் நாட்டு எல்லைக்கு வெளியே நடக்கும் ஆலோசனைக்குப் பொருந்தாது. இங்கே எழுதும் சீட்டை அங்குள்ள மருந்துக்கடை ஏற்க வேண்டும் என்றும் இல்லை. பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி, போகும் நாட்டில் அந்த மருந்தைக் கொண்டுபோக முன் அனுமதி வேண்டுமா என்று பார்த்துவிட்டு, அங்கே ஒரு டாக்டரிடம் தொடர்வதே பத்திரம்.

மூன்றாம் படி: நேரில் பார்த்த தேதியைக் குறித்து வையுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதே நோய்க்கு அதே டாக்டரை ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால்தான் அந்த வீடியோ சந்திப்பு 'தொடர் ஆலோசனை' என்ற கணக்கில் வரும். முதல்முறை வீடியோவில் எழுதக்கூடிய மருந்துகள் ஒரு பட்டியல். தொடர் ஆலோசனையில் மட்டும் சேர்க்கக்கூடியவை இன்னொன்று. வீடியோவில் எழுதவே கூடாதவையும் உண்டு. கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் அந்த வகை. பழக்கமாகிவிடும் தூக்க மாத்திரைகள் விஷயத்திலும் டாக்டர் கறாராக இருப்பார். "போன தடவை அந்த டாக்டர் குடுத்தாரே" என்று வாதாட வேண்டாம். அந்தக் கறார் நம் நன்மைக்கு.

எங்கள் கணக்கு: வருடத்தில் இரண்டு தடவை மதுரைக்கு நேரில், மற்றவை வீடியோவில். பொங்கல் முடிந்து ஒன்று, ஆடியில் ஒன்று.

நான்காம் படி: அறை

வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல. ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தால் போதும். போனைக் கையில் பிடிக்கக் கூடாது. அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாலும் சரி, கண் மட்டத்துக்கு வர வேண்டும். கீழே வைத்தால் நோயாளி தலை குனிந்தே பேசுவார். டாக்டருக்கு அது வாட்டமா, போன் இருக்கும் இடத்தால் வந்த குனிவா என்று எப்படித் தெரியும்? கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா என்பது மனநிலைப் பரிசோதனையில் ஓர் அங்கம். அதை நாமே கெடுத்துவிடக் கூடாது.

இயர்போன் கட்டாயம். டாக்டரின் கேள்வி வீட்டில் யாருக்கும் கேட்காது என்று நோயாளிக்கு உறுதியாகத் தெரிந்தால்தான் வாய் திறப்பார். வெளியே டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டால் உள்ளே பேசுவது கூடத்துக்கு வராது. வீட்டில் தனி அறையே இல்லை என்றால் மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், நம்பிக்கையான தோழி வீடு. பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு பேசுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சார்ஜ் போட்டு, மற்ற அழைப்புகளை அமைதியாக்கி, பக்கத்தில் இன்னொரு போனும் வையுங்கள். சிக்னல் போனால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று தொடக்கத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: திரைக்கு எட்டாததைக் கொண்டுபோங்கள்

ஒரு நாள் காலை அம்மா சொன்னார்: "காபி டம்ளரைத் தூக்குறப்ப சிந்திட்டே இருக்கான்டி." ரெண்டு வாரமாகவே அப்படித்தானாம். இடையில் ஒரு வீடியோ ரிவ்யூ முடிந்திருந்தது. டாக்டருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தம்பியின் கைகள் மேசைக்குக் கீழே இருந்தன. உடனே நேரம் கேட்டுப் பேசினோம். டாக்டர், "தம்பி, கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க. ரெண்டு கையையும் முன்னால நீட்டி, விரலை விரிச்சு வைங்க" என்றார். கேமரா முன் அந்த விரல்கள் மெல்ல ஆடின. பிறகு எழுந்து சுவர் வரை நடந்து திரும்பி வரச் சொன்னார். தம்பி சாப்பிடுவது லித்தியம் என்ற மாத்திரை. ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க அன்றே பரிசோதனை எழுதினார். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். அளவு கூடியிருந்தது. காரணம், முதுகுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போட்ட வலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் லித்தியத்தை உடம்பில் தேங்க வைக்கும். வாந்தி, பேதி, வெயிலில் நீர் வற்றுவதும் அப்படியே. நேரில் போயிருந்தால் அறைக்குள் நுழைந்ததுமே தெரிந்திருக்கும்.

அன்று தொடங்கிய நோட்டுதான் இன்றும் எங்கள் கையில் இருக்கிறது. கோடு போட்ட சாதாரண நோட்டு. தினமும் படுத்த நேரம், எழுந்த நேரம், மாத்திரை போட்டதா, சாப்பாடு எப்படி. வாரம் ஒருமுறை எடை. புதிதாக என்ன மாத்திரை போட்டாலும், அது தலைவலி மாத்திரையோ நாட்டு மருந்தோ, அதுவும். ஒலான்ஸபின் போன்ற மருந்தில் இருப்பவர்களுக்கு எடையும் சர்க்கரையும் முக்கியம். லித்தியத்தில் இருப்பவர்களுக்குத் தைராய்டும் சிறுநீரகமும் இடைவெளி விட்டுப் பார்ப்பார்கள். குளோசபின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் அடுத்த ரிவ்யூவுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.

ரிவ்யூவுக்கு முதல் நாள் நோட்டின் பக்கத்தையும் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவோம். அனுப்புவதற்கு முன் தம்பி படித்துப் பார்ப்பான். அவனுக்குத் தெரியாமல் அவனைப் பற்றி ஒரு வரிகூடப் போகாது. இது அவனே வைத்த நிபந்தனை. சரியான நிபந்தனை.

ஆறாம் படி: பேசும் நேரத்தில்

முதலில் நோயாளி தனியாக. பிறகு, அவர் சம்மதித்தால், குடும்பத்தார் கடைசி ஐந்து நிமிடம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், வயது வந்த ஒவ்வொருவருக்கும் தன் சிகிச்சையைத் தானே முடிவுசெய்யும் திறன் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தன் நோய் விவரம் ரகசியமாக இருப்பதும் அவரது உரிமை என்கிறது. அறையில் யாராவது இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டாக்டரின் பக்கத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று நீங்களும் கேட்கலாம். பேச்சை வீடியோவாகப் பதிவு செய்வதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எந்த ஊரில், எந்தத் தெருவில் உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். அவசரம் என்று டாக்டர் நினைத்தால் ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் அதை அதே சொல்லில் சொல்லுங்கள். "ஒரு மாதிரியா இருக்கு" என்றால் திரையில் அது கடந்து போய்விடும். டாக்டர்கள் இதைக் கேட்டுத் திடுக்கிடுவதில்லை, திட்டுவதுமில்லை. எவ்வளவு நெருக்கமான எண்ணம் என்று பொறுமையாகக் கேட்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் அன்றைக்கே பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றி, மாத்திரைகளைப் பூட்டில் வைத்து, அவரைத் தனியே விடாமல் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் தோட்டத்து மருந்து டப்பா சமையலறை மூலையிலேயே கிடக்கும். அதை எடுத்துப் பூட்டுவது ஒரு உயிரைக் காக்கும். ரிவ்யூ வரை பொறுக்க முடியாத இரவுகளுக்கு 14416 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

ஏழாம் படி: சீட்டும் மருந்துக்கடையும்

முடிக்கும் முன் மாத்திரை விவரத்தைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்: "காலையில் பாதி, ராத்திரி ஒன்று, பத்து நாள் கழித்து ராத்திரி ஒன்றரை, சரிதானே டாக்டர்?" வீடியோவில் ஒரு சொல் விழுங்கப்பட்டால் டோஸே மாறிவிடும். வரும் சீட்டில் டாக்டரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், வயது எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அழைப்பைத் துண்டியுங்கள்.

மருந்துக்கடையில் போனைக் காட்டினால் சிலர் தருவார்கள், சிலர் அச்சுப்பிரதி கேட்பார்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்; பதற்றத்துக்குத் தரும் அல்பிரஸோலம் போன்ற சில மாத்திரைகளை விற்றால் டாக்டர், நோயாளி விவரத்தைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. ஆனால் அச்செடுக்கும் இடத்தில் கவனம் வேண்டும். சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு சீட்டை அனுப்பினால் அது அங்கேயே கிடக்கும். அச்செடுத்ததும், "அண்ணே, அந்த ஃபைலை அழிச்சிருங்க" என்று சொல்லி, உங்கள் போனிலும் 'அனைவருக்கும் அழி' என்பதை அழுத்துங்கள். நாங்கள் இப்போது பக்கத்து ஊர்க் கடையில் எடுக்கிறோம்.

மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த நேரத்தைப் பதிவுசெய்யுங்கள். சில பிராண்டுகள் சின்ன ஊர்களில் கிடைக்காது, வரவழைக்க நாளாகும். கிடைக்கவில்லை என்று கடைக்காரர் வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தால், அட்டையைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிக் கேட்ட பிறகே கொடுங்கள்.

தம்பியின் அடுத்த ரிவ்யூ வரும் வியாழக்கிழமை. நோட்டில் இந்த வாரம் அவனே எழுதியிருக்கிறான்: "படுத்தது 10, எழுந்தது 6. கை ஆடலை. எடை 68. டாக்டர்கிட்ட கேக்கணும்: மறுபடி வேலைக்குப் போகலாமா?"